அக்கா வரை

அப்போது எங்கள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வீடு பள்ளி என்று பதிவாகியிருந்தது. அக்கா தளவாடம் என்று பதிவாகியிருந்தாள்.

அவளுடைய இடது மேல்கையில் கல்வி அலுவலகத்தார் வெள்ளை பெயிண்டில் எண் எழுதினார்கள். வீ.க. 14/3. பள்ளிக்கூட பெஞ்சுகளில் எழுதுவது போலத்தான். 14/1 மேசை. 14/2 நாற்காலி. பெயிண்ட் காய ஒரு மணி நேரம் ஆனது. அக்கா கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்று இன்னொரு கையால் குழம்பைக் கிண்டினாள்.

தளவாடம் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அக்கா பதினெட்டு வருடம் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவள். விதியைப் படித்துக் காட்டியதும் டிபன் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் பெயர் வெயிலுகந்தாள். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள். என் பெயர் பூலோகபாண்டியன். நான் பதினொன்றாம் வகுப்பில் நின்றேன். பிறகு பாலிடெக்னிக்கில் நின்றேன். பிறகு நூற்பாலையில் இரவு ஷிப்டுக்குப் போய் அதிலிருந்தும் நின்றேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஒரே ஒரு சர்டிபிகேட்டு வாங்குலே. அது போதும்," என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் நீ படுத்தே கெட. நான் கேக்க மாட்டேன்."

அதனால் வீட்டு வழிப் படக் கல்வியில் சேர்ந்தேன். அதில் புத்தகம் கிடையாது. இருநூறு பக்கக் குறிப்பேடு ஒன்று மட்டும் உண்டு. இடது பக்கம் வெள்ளை. வலது பக்கம் கோடு. இடது பக்கத்தில் தினமும் ஒரு படம் வரைய வேண்டும், பென்சிலால். பாகங்களைக் குறிக்க வேண்டும். அம்புக்குறிகளை ஸ்கேல் வைத்துத்தான் போட வேண்டும். வலது பக்கத்தில் பார்த்ததை எழுத வேண்டும். நினைத்ததை எழுதினால் மதிப்பெண் குறைப்பார்கள்.

தவறு விண்ணப்பத்திலேயே நடந்தது.

அதில் ஒரு வரி இருந்தது. கற்கும் காலம், பிறகு ஒரு கட்டம், பிறகு முதல், பிறகு இன்னொரு கட்டம், பிறகு வரை.

முதல் கட்டத்தில் ஜூன் 9 என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தின் பக்கத்தில் வரை என்று போட்டிருந்தது. படக் கல்வி. வரைந்தேன். அப்போது எதிரில் அக்கா உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளை வரைந்தேன்.

விண்ணப்பத்தை வாங்கியவர் அதை ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"அக்கா."

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அக்கா என்று எழுதிக்கொண்டார். படம் கட்டத்தைத் தாண்டாமல் இருந்ததால் முத்திரை குத்தினார்.

அலுவலகம் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. வீட்டு வழிக் கல்வியின் அலுவலகம் வேறெங்கே இருக்கும் என்று கேட்டார்கள். பரிசோதகர் சொரிமுத்து தினமும் காலை பதினொரு மணிக்கு அங்கிருந்து இறங்குவார். கீழே முக்காலியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் சிவப்புப் பேனாவும் இடுப்பில் முத்திரையும் வைத்திருப்பார்.

முதல் நாள் நான் குழாயை வரைந்து வைத்திருந்தேன். அவர் பார்க்கவே இல்லை.

"குழாயெல்லாம் எதுக்கு? ஒங்க பாடம் அக்கா."

"அப்படின்னா?"

"அக்கா வரைன்னு எழுதியிருக்கீங்க. அக்கா முடியிற வரைக்கும் படிப்பு."

"வரைன்னு இருந்துச்சு சார். அதான் வரைஞ்சேன்."

"அதுவும் சரிதான். அக்கா வரைன்னா அக்காவை வரை. ரெண்டும் ஒரே வரைதான். நாங்க பிரிச்சுப் பாக்கிறதில்ல."

மூன்று நாள் பக்கம் காலியாக இருந்தால் பள்ளி மூடப்படும் என்றார். பள்ளி மூடப்பட்டால் தளவாடங்கள் கிடங்குக்குப் போகும். கிடங்கு எங்கே என்று அக்கா கேட்டாள். அது மழையில் நனையாத இடம் என்றார்.

அன்று முதல் நான் அக்காவை வரைந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பாகம். எனக்கு வரையத் தெரியாது. முதல் வாரம் வரைந்தவை எதுவும் எதையும் போல இல்லை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து குறிப்பேட்டை எட்டிப் பார்ப்பாள்.

"இது என்னதுலே?"

"ஒன் காது."

"உளுந்த வடையில்லா வரைஞ்சு வச்சிருக்க. சட்னி எங்க?"

சொரிமுத்து எல்லாப் பக்கங்களிலும் ஒரே வாக்கியத்தை எழுதினார். முயற்சி போதாது. அக்கா அதைக் கூட்டிக் கூட்டி வாசித்துவிட்டு என்னை முறைத்தாள். பாலிடெக்னிக்கிலும் அதைத்தானே எழுதினார்கள் என்றாள்.

நான் முயற்சி செய்தேன். நூற்பாலையில் எட்டு மணி நேரம் நூல் சுற்றும் ஒரே கதிரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். அறுகிற வரை பார்க்க வேண்டும். அதே மாதிரி அக்காவின் காதைப் பார்த்தேன். அவள் வெங்காயம் உரித்தாள், துணி மடித்தாள், தூங்கினாள். நான் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இருபத்துமூன்றாவது பக்கத்தில் காது வந்துவிட்டது.

மடல், குழி, கம்மல் துளை, துளைக்குப் பக்கத்தில் தூர்ந்துபோன இன்னொரு துளை. அம்புக்குறி போட்டுக் குறித்தேன். அக்கா குனிந்து பார்த்தாள். தன் காதைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பாத்தியா, வருதுல்லா?" என்றாள். அன்று எனக்கு இரண்டு முட்டை வைத்தாள்.

பதினொரு மணிக்கு சொரிமுத்து சிவப்புப் பேனாவால் சரி போட்டார். முத்திரையை ஊதிக் குத்தினார்.

இடது காது அக்காவிடம் இல்லை. அது இருபத்துமூன்றாவது பக்கத்தில் இருந்தது.

வலியில்லை என்று அக்கா சொன்னாள். காது இருந்த இடம் மெழுகிவிட்ட மாதிரி வழவழப்பாக இருந்தது. கம்மல் கீழே கிடந்தது. அதை எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டாள்.

"ஒப்படைப்பு," என்றார் சொரிமுத்து. "முதல் ஒப்படைப்பு. வாழ்த்துகள்."

இருபத்துநான்காம் பக்கம் இடது முழங்கை. இனி கை மடங்காது. தோசை திருப்ப வலது கை போதும் என்றாள். இருபத்தைந்து பின்னல். இருபத்தாறும் இருபத்தேழும் பாதங்கள். பாதங்கள் இல்லாமலும் அவள் அதே உயரத்தில்தான் இருந்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் போய் வந்தாள். செருப்பைத் துடைத்து எடுத்து வைத்தாள். தளவாடத்துக்குச் செருப்பு தேவையில்லை.

இருபத்தெட்டாம் பக்கத்தில் நான் வேண்டுமென்றே மோசமாக வரைந்தேன். அக்காவின் கழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். கண்ணைத் திறந்தபோது கழுத்து அப்படியே தாளில் இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் தழும்புகூட விழுந்திருந்தது. கை கற்றுக்கொண்டுவிட்டது. கற்றதை அதனிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை.

இடது கைக்கு மாறினேன். எட்டு நாள் நிம்மதி. முயற்சி போதாது, முயற்சி போதாது. ஒன்பதாவது நாள் இடது கையும் கற்றுக்கொண்டது.

அம்புக்குறிகளைப் போடாமல் விட்டுப் பார்த்தேன். சொரிமுத்து தன் ஸ்கேலை எடுத்து அவரே போட்டார். "மறதி எல்லாருக்கும் வர்றதுதான்," என்றார்.

நாற்பத்தாறாம் பக்கத்தில் இடது மேல்கை போனது. அதில் இருந்த எண்ணை நான் வரையவில்லை. அரசு முத்திரைகளை வரைவது குற்றம். அதனால் எண் மட்டும் பழைய உயரத்தில் நின்றது. அக்கா நகர்ந்தால் வீ.க. 14/3 கூடவே போகும். இருட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஐம்பத்தெட்டாம் பக்கம் முடிந்ததும் சொரிமுத்து விரல் விட்டு எண்ணினார்.

"வலது கை, வலது காது, கண்ணு ரெண்டும் சேத்து ஒண்ணு, மூக்கு, வாய். அஞ்சு பக்கம். அடுத்த புதன்கிழமை சர்டிபிகேட்டு."

"பேரு தப்பில்லாம போடுங்க சார்," என்றது அக்காவின் வாய். "பூலோகபாண்டியன். பூவுக்கு நெடில்."

அவர் பரணில் ஏறிப் போனார். நான் முக்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அதே முக்காலியில் ஏறி நானும் பரணுக்குப் போனேன்.

பித்தளைப் பானைகளைத் தாண்டினால் பழைய போர்வை மூட்டை. அதைத் தாண்டினால் வரிசை. மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆட்கள் நின்றார்கள். பரண் மூன்றடி உயரம். எல்லோரும் குனிந்து நின்றார்கள். அலுவலகம் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. என் டோக்கன் 212.

எனக்கு முன்னால் ஒருவர் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஊர் சாத்தூர் என்றார்.

"நீங்க என்னத்த வரைஞ்சிய?" என்று கேட்டேன்.

"கடல்."

"ஏன்?"

"கட்டம் நீளமா இருந்துச்சு அண்ணாச்சி. நிரப்பணும்லா? இப்போ கடல் வரைக்கும் படிக்கணும்கான். ஏழு வருசமா படிக்கேன். சாத்தூர்ல ஏது கடல்?"

அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். அவள் முகத்தில் நிறைவு இருந்தது.

"நான் எங்க ஆட்டை வரைஞ்சேன். மூணாம் நாளே அம்மன் கொடை வந்துச்சு, ஆட்டை வெட்டிட்டோம். படிப்பு முடிஞ்சுபோச்சு. சர்டிபிகேட்டு வாங்கத்தான் நிக்கேன்."

"கறி எப்படி?" என்றார் சாத்தூர்க்காரர்.

"கொஞ்சம் முத்தல்."

என் முறை வந்தது. திருத்தப் பிரிவில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் எங்கள் வீட்டு கிரைண்டர் வந்த அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார்.

"என்ன திருத்தணும்?"

"வரைன்னு இருந்ததைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். தேதி போடணும்."

"போடலாமே. பழசை அடிச்சிருங்க. குறுக்க ஒரு கோடு. பக்கத்துல சுருக்கொப்பம்."

"கோடு போட்டா அக்கா?"

"அடிச்சா அடிச்சதுதான் தம்பி. அடிச்சதை நாங்க படிக்கிறதில்ல."

"கோடு போடாம?"

"அடித்தல் இல்லாம திருத்தல் கிடையாது."

பேனாவைத் திறந்தேன். கட்டத்துக்குள் அக்கா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மிக மோசமான படம். தலை எது, முறம் எது என்று தெரியவில்லை. பாதங்கள் இருக்கின்றனவா என்று தேடினேன். கீழே இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அவை பாதங்களாக இருக்கலாம். அரிசியில் பொறுக்கிப் போட்ட கல்லாகவும் இருக்கலாம்.

பேனாவை மூடினேன்.

"அடிக்கலையா?"

"இல்லை."

"அப்போ நகருங்க. பின்னால ஆள் நிக்கில்லா?"

நகரும்போது சுவரில் இருந்த பலகையைப் பார்த்தேன். இறங்கி வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலைச் சொன்னேன். ஆட்டைச் சொன்னேன். கோட்டைச் சொன்னேன். பலகையில் எழுதியிருந்ததையும் சொன்னேன். ஒரு வீட்டுக்கு ஒரு மாணவர். மாணவர் தளவாடம் ஆகார். தளவாடம் மாணவராக விரும்பினால் படிவம் 6. பள்ளிக்குத் தளவாடம் மூன்றுக்குக் குறையக் கூடாது.

"திரும்பச் சொல்லு," என்றாள் அக்கா.

திரும்பச் சொன்னேன். ஒற்றைக் காதை என் பக்கம் திருப்பிக் கேட்டாள். அவளுடைய வலது கை அடுப்புத் திண்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அந்த ஆறாம் நம்பர்ல ஒண்ணு வாங்கிட்டு வா."

"அப்போ சர்டிபிகேட்டு?"

"இப்போ ஒருத்தன் போனா வாங்கிட்டு வருவானா மாட்டானா?"

போனேன். படிவம் 6 கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை என்று அந்த அம்மா சொன்னார். தளவாடங்கள் பொதுவாகப் படிவம் கேட்பதில்லை என்றார். பானைக்குள்ளிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

அக்கா பேனாவைப் பிடித்த விதம் தீக்குச்சியைப் பிடிப்பது போல இருந்தது. பெயர் எழுதினாள். நின்ற வகுப்பு ஒன்பது என்று எழுதினாள். நிற்கக் காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அதை நான் பார்த்தேன். பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

அந்த வரி வந்தது. முதல் கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டாள்.

"அடுத்த கட்டத்துல வரையக் கூடாது," என்றேன். "தேதிதான் எழுதணும். வரைன்னா வரைக்கும்னு அர்த்தம்."

"தெரியும்லே."

"தள்ளி ஒரு தேதி போடு. இருவது வருசம் கழிச்சு."

"இருவது வருசம் கழிச்சு மறுபடி நான் பெஞ்சு ஆவணுமா?"

"அப்போ கடல் போடு. சாத்தூர்க்காரருக்கு ஏழு வருசமா வரலை."

"கடலை நம்ப முடியாது. ஒருநா வந்தாலும் வந்துரும்."

கட்டத்துக்குள் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தாள். வட்டத்தின் மேல் நான்கு முடி நட்டாள்.

"யாரு இது?"

"நீதான்."

"என்னை ஏன் போடுற?"

"நீ எதையாவது எப்பவாவது முடிச்சிருக்கியாலே?" என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்த முடிச்சியா? பாலிடெக்னிக்க முடிச்சியா? தட்டுல போட்ட சோத்த முடிச்சியா? முடியாத ஆளு நீ. நீ முடியிற வரைக்கும்னு போட்டா எனக்கு ஆயுசுக்கும் போதும்."

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

பதினொரு மணிக்கு சொரிமுத்து இறங்கினார். படிவத்தை இரண்டு முறை படித்தார். பரணை நோக்கி ஏதோ கேட்டார். மேலிருந்து சரி என்று குரல் வந்தது. அவர் என் குறிப்பேட்டை எடுத்துக் கடைசியாக வரைந்த பக்கத்துக்கு மறுபக்கம் இடைநின்றவர் என்று முத்திரை குத்தினார். அந்த முத்திரை அவரிடம் தயாராக இருந்தது.

"அந்தப் பக்கங்களைத் திருப்பித் தருவீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கங்கள்?"

"காது. பாதம். கழுத்து."

"ஒப்படைச்சது ஒப்படைச்சதுதான். புதுசா எதுவும் எடுக்க மாட்டோம். அவங்க இப்போ மாணவர்."

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அந்தரத்தில் நின்ற எண்ணைத் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். பிறகு என் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். பெயிண்ட் குளிர்ச்சியாக இருந்தது. வீ.க. 14/3. காய்கிற வரை கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். வெளிக்கதவை அவர் என் முன்னால் சாத்திக் காட்டினார். பழகிக்கொள்வதற்காக.

அக்காவுக்குப் புதுக் குறிப்பேடு கொடுத்தார்கள். அதற்கு அவள் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டாள். பெயர், பள்ளி, வகுப்பு என்று எழுதிய லேபிளை ஒட்டி ஈரம் போக ஊதினாள்.

இப்போது காலையில் நான் சமைக்கிறேன். தளவாடம் சமைக்கலாம். அதற்குத் தடையில்லை. ஒன்பதரைக்கு அக்கா குறிப்பேட்டை விரிக்கிறாள். என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கிறாள்.

நேற்று என் காதை வரைந்தாள். சொரிமுத்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா, கத்திரிக்காயா?"

"தம்பி காது சார்."

"காது போலில்லையே."

"வந்துரும் சார்."

முயற்சி போதாது என்று எழுதினார். அது நாற்பத்தோராவது முறை. அக்கா அதை விரலால் தொட்டு வாசித்துவிட்டு, "சரி சார்," என்றாள். அவள் வாய் சிரித்த மாதிரி இருந்தது. கழுத்தும் கன்னமும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வேண்டுமென்றே இப்படி வரைகிறாளா, வரையத் தெரியாமல் இப்படி வரைகிறாளா என்று நான் கேட்டதில்லை. ரப்பரை அவள் தொடுவதே இல்லை.

இன்று மூக்கு. அவளுடைய இரண்டு கண்களும் என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வந்து நிற்கின்றன. நான் அவள் காதைப் பார்த்த மாதிரிதான் பார்க்கிறாள். பென்சில் தாளில் உரசுகிற சத்தம் கேட்கிறது.

"அசையாதலே."

"அசையலை."

"மூச்சு விடுத."

"மூச்சு விடக் கூடாதா?"

"மெதுவா விடு. மூக்கு விரியுது."

மெதுவாக விட்டேன். மூக்கு நுனியில் அரித்தது. அவள் இன்னும் அங்கேதான் வரைந்துகொண்டிருந்தாள். நான் சொறியக் கையைத் தூக்கவில்லை.